ஆள் உண்டு, அமைப்பு இல்லை: காவிரிக்கரை நகரங்களில் தன்னார்வத் தீயணைப்புக்கான நியாயம்

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பற்றியதில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறு மாதம் முடியுமுன், ஜூலை 16 அன்று, கும்பகோணம் பள்ளித் தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே இறந்திருந்தனர். மூன்றும் காவிரிப் படுகை ஊர்கள். மூன்றிலும் தீயை வளர்த்தது ஓலையும் கீற்றும். மூன்றிலும் தீ தொடக்க நிமிடங்களிலேயே வேகமாகப் பரவியது. இவற்றை ஒட்டி எழுந்த விவாதம் கட்டட உரிமம், கூரை, மின்கசிவு என்பனவற்றையே பெரிதும் சுற்றியது. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற அரசு ஆணையிட்டது தேவையான நடவடிக்கை. ஆனால் தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் அங்கிருந்தவர்கள் எதைச் செய்யப் பயின்றிருந்தார்கள் என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. நம் நகரங்களில் உதவ ஓடிவரும் ஆட்களுக்கு என்றும் பஞ்சமில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் பொறுப்பும் சட்டத் தகுதியும் தரும் அமைப்பே இல்லாதது என்பதும், அதை அரசே உருவாக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பிற நாடுகளின் வரலாறு இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் தொடங்கிய யூனியன் தீயணைப்புக் கம்பெனி, தோல் வாளியும் சாக்கும் வைத்திருக்க உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்திய ஓர் உடன்படிக்கை. அண்டைவீடு எரிந்தால் தன் வீடும் எரியும் என்ற கணக்கே அதன் அடித்தளம். அதே நகரில் 1752இல் தீக்காப்பீட்டுச் சங்கம் எழுந்ததும் அக்கணக்கின் தொடர்ச்சியே. சிலியில் 1851இல் வால்பரைசோ துறைமுகத்தில் அமைந்த படையிலிருந்து இன்றுவரை தீயணைப்போர் ஊதியம் பெறாதவர்கள். ஜெர்மனியில் பெருநகரங்கள் ஊதியப் படையை வைத்திருக்க, சிற்றூர்களைக் காப்பவர்கள் தன்னார்வலர்கள். இவை எங்கும் நல்லெண்ணம் மட்டும் படையாகிவிடவில்லை. உறுப்பினர் பட்டியல், கருவி, ஒத்திகை, கட்டளை வரிசை ஆகியவை சேர்ந்தபோதுதான் அது படையாயிற்று.

தமிழகத்தில் பாதை வேறாக அமைந்தது. 1908இல் சென்னைக்கு வந்த தீயணைப்புப் படை அரசின் கையால் பிறந்தது. பின்னர் மாநிலம் முழுவதற்குமான ஒரே துறையாக விரிந்தது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் தீயணைப்பை நகராட்சிகளுக்கு உரிய பணிகளுள் சேர்த்தபோதும், தமிழகத்தில் அது மாநிலத் துறையாகவே நீடித்தது. இதன் பயன்கள் சிறியன அல்ல: ஒரே தரம், ஒரே பயிற்சி, செல்வமில்லாத ஊருக்கும் வண்டி. இழப்பும் ஒன்று உண்டு. தீ என்பது நிலையத்தின் வேலை, மக்களின் வேலை வேடிக்கை பார்ப்பதும் வழிவிடுவதும் என்ற பிரிவினை ஊன்றிவிட்டது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து உயிர்நீத்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும் ஒத்திகைகளிலும் பொதுமக்கள் பெரும்பாலும் பார்வையாளர்களே.

தன்னார்வலரை நாடுவது அரசு தன் கடமையைக் கைகழுவ வழிவிடும் என்பது முதல் மறுப்பு. ஊதியப் படையைக் குறைத்து அந்த இடத்தில் இவர்களை வைத்தால் இக்கண்டனம் முற்றிலும் சரி. ஆனால் இங்கே முன்வைக்கும் தன்னார்வத் துணைப்படை என்பது நிலையத்தோடு சேர்வது. கர்நாடகத்தின் 1964ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டம், தேவை எழும்போது தன்னார்வலரைப் பதிவுசெய்து துணைப்படை அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. காவல்துறைக்குத் துணையாக ஊர்க்காவல் படை இருப்பதால் காவல் நிலையங்கள் மூடப்பட்டுவிடவில்லை.

பயிற்சியற்றவர் ஆபத்தைக் கூட்டுவார் என்பது இரண்டாவது மறுப்பு. இது அமைப்பின் தேவையையே மெய்ப்பிக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கப் பல ஊர்களிலிருந்து தன்னார்வலர் தாங்களே வடிவமைத்த கருவிகளோடு வந்தனர். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அத்தகைய ஈடுபாட்டை நெருக்கடி நேரத்தில் சோதித்துப் பார்ப்பது தாமதமான செயல். அதை முன்கூட்டியே பதிவுசெய்து, தகுதி பார்த்து, எல்லை வகுத்திருக்க வேண்டும். துணைப்படையின் வேலை எரியும் கட்டடத்துக்குள் புகுவதாக இருக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்தல், எரிவாயு உருளையை அப்புறப்படுத்துதல், கூட்டத்தை வெளியேற்றுதல், வண்டிக்குத் தெருவைத் திறந்துவிடுதல் ஆகிய எளிய செயல்களே அந்த முதல் நிமிடங்களில் உயிரைக் காப்பவை.

மூன்றாவது மறுப்பே மிகக் கனமானது. நம் ஊர்களில் சங்கங்கள் பெரும்பாலும் சாதி வழியே திரள்கின்றன. அப்படியிருக்க யார் வீட்டுத் தீ முதலில் அணைக்கப்படும்? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட இந்தக் காவிரி டெல்டாவில் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்காவிலும் தன்னார்வக் கம்பெனிகள் போட்டிக் கும்பல்களாகித் தெருச்சண்டையில் இறங்கியதால்தான் சின்சினாட்டி 1853இல் ஊதியப் படைக்கு மாறியது. ஆகவே இப்படையை எந்தச் சங்கத்திடமும் ஒப்படைக்கலாகாது. வார்டு வாரியாக, பொது அறிவிப்பின் வழி, பெண்களும் எல்லாச் சமூகத்தவரும் இடம்பெற அரசே பதிவுசெய்ய வேண்டும். கட்டளை நிலைய அலுவலரிடமே இருக்க வேண்டும்.

திருச்சியிலேயே இதைத் தொடங்கலாம். மதில்களுக்கு இடைப்பட்ட தெருக்களும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் கொண்ட ஸ்ரீரங்கத்தின் தேவை ஒன்று. பிற்காலக் குடியிருப்புப் பகுதியான கே.கே. நகரின் தேவை வேறு. முன்னதில் மண்டபப் பணியாளர், பந்தல் போடுவோர், கடைக்காரர் ஆகியோரையும், பின்னதில் ஓய்வுபெற்றோர், மாணவர், அடுக்ககக் காவலர் ஆகியோரையும் பயிற்றலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டம், வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் 6,000 தன்னார்வலரைப் பயிற்ற முனைந்தது. பின்னர் அது 350 மாவட்டங்களுக்கு விரிந்தது. வெள்ளத்துக்கு ஏற்றுக்கொண்ட கொள்கையைத் தீக்கு மறுக்கக் காரணமில்லை. வெள்ளத்துக்காவது முன்னெச்சரிக்கை விட நேரம் கிடைக்கும். தீ அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஆதலால் பயின்ற அண்டைவீட்டார் வெள்ளத்தைவிடத் தீக்கே அதிகம் தேவைப்படுகிறார்கள்.