ஒப்பந்தக்காரர் மாசுப் பொறுப்புக் காப்பீடு

ஒப்பந்தக்காரர் மாசுப் பொறுப்புக் காப்பீடு என்பது கட்டடம் கட்டுதல், இடித்தல், நிலம் தோண்டுதல், வண்ணம் பூசுதல் முதலிய பணிகளை ஒப்பந்த அடிப்படையில் செய்வோருக்கான ஒருவகைப் பொறுப்புக் காப்பீடு (காப்புறுதி) ஆகும். பணியின் விளைவாக மண், நீர் அல்லது காற்று மாசடைந்து பிறருக்கு ஏற்படும் உடல்நலக் கேடு, சொத்துச் சேதம், தூய்மையாக்கும் செலவு, வழக்குச் செலவு ஆகியவற்றை இது ஈடுசெய்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1980களில் உருவான இக்காப்பீடு, தொடக்கத்தில் கல்நார் அகற்றுவோரையும் நச்சுக்கழிவு நிலங்களைத் தூய்மையாக்குவோரையும் கருதி அமைக்கப்பட்டது. பின்னர் சாதாரணக் கட்டடப் பணியாளர்களும் இதை வாங்கத் தொடங்கினர்.

தோன்றிய காரணம்

ஒப்பந்தக்காரர்கள் பொதுவாக வைத்திருப்பது வணிகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு ஆகும். மாசினால் வரும் இழப்பையும் அது ஏற்கும் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து பெரும்பாலும் தவறானது. 1973ஆம் ஆண்டு மாதிரிப் படிவம், "திடீரெனவும் தற்செயலாகவும்" நேர்ந்த மாசுக்கு மட்டும் இழப்பீடு தந்தது. 1980இல் "சூப்பர்ஃபண்ட்" எனப்படும் சட்டம் இயற்றப்பட்டது. கழிவை அகற்ற ஏற்பாடு செய்தவர், கவனக்குறைவு ஏதும் இல்லாவிடினும், கழிவு சென்று சேர்ந்த இடத்தைத் தூய்மையாக்கும் செலவுக்குப் பொறுப்பாவார் என்ற நிலை இதனால் உருவாயிற்று. செலவுச் சுமையைக் கண்டு அஞ்சிய காப்பீட்டு நிறுவனங்கள் 1986ஆம் ஆண்டுப் படிவத்தில் மாசு முழுவதையும் விலக்கும் விதியைச் சேர்த்தன.

இவ்விதிக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. பணிக்காகக் கட்டடத்தினுள் கொண்டுவந்த பொருளின் ஆவியால் அக்கட்டடத்திலுள்ளோர் பாதிக்கப்படுதல், பணி இயந்திரத்திலிருந்து அதன் இயக்கத்துக்குரிய எரிபொருள் தற்செயலாகக் கசிதல் ஆகியன அவற்றுள் அடங்கும். ஆனால் பல நிறுவனங்கள் ஒரு பக்க இணைப்புத் தாளைச் சேர்த்து இவ்விரண்டையும் நீக்கிவிடுகின்றன. எனவே காப்பீட்டுப் பத்திரத்தின் முதற்பக்கத்தைவிட இறுதியில் கோக்கப்படும் இணைப்புகளே முதலில் படிக்கத்தக்கவை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

"மாசு" என்ற சொல்லுக்கு மாநில நீதிமன்றங்கள் ஒரே பொருள் கொள்ளவில்லை. பழுதடைந்த வெப்பமூட்டியிலிருந்து வெளியான கார்பன் மோனாக்சைடு குறித்த வழக்கில், மரபான சுற்றுச்சூழல் மாசுக்கு மட்டுமே இவ்விலக்கு பொருந்தும் என்று இலினாய் உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அலுவலகக் கட்டடத்தில் வண்ணம் பூசிய துணை ஒப்பந்தக்காரர் மீதான வழக்கில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2003இல் காப்பீடு பெற்றவர் பக்கமே நின்றது. புளோரிடா உச்ச நீதிமன்றமோ 1998இல், ஓர் அலுவலகத்தின் வரைபட நகலெடுக்கும் இயந்திரத்திலிருந்து சிந்திய அம்மோனியாவுக்கும் விலக்கு அப்படியே பொருந்தும் என்றது. ஒரே படிவம் ஒரு மாநிலத்தில் காக்கும், மற்றொன்றில் கைவிடும். இத்தகைய தீர்ப்பை நம்பித் தனிக் காப்பீடு வாங்காதிருப்பது துணிச்சலான செயலே.

இடரின் அளவு

2015 ஆகஸ்ட் 5 அன்று கொலராடோவில் கைவிடப்பட்ட கோல்டு கிங் சுரங்கத்தின் வாயிலருகே, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பணியாளர்கள் மண்ணை அகழ்ந்தபோது, உள்ளே அழுத்தத்துடன் தேங்கியிருந்த அமில நீர் உடைத்துக்கொண்டு வெளியேறியது. சுமார் 30 இலட்சம் கேலன் நீர் அனிமாஸ் ஆற்றில் கலந்து அதை மஞ்சளாக்கிற்று. நியூ மெக்சிகோ மாநிலமும் நவாகோ பழங்குடி அரசும் 2016இல் தொடுத்த வழக்குகளில், முகமையுடன் அங்கு பணியாற்றிய ஒப்பந்த நிறுவனமும் எதிர்வாதியாயிற்று. மாசை அகற்றச் சென்றவரே மாசுக்குப் பொறுப்பாகலாம் என்பதற்கு இது சான்று.

தேர்ந்தெடுத்தல்

முதன்மையாக நோக்கவேண்டியது காப்பீடு எப்போது செயற்படுகிறது என்பதாகும். "நிகழ்வு" அடிப்படையிலான பத்திரம், பாதிப்பு நேர்ந்த காலத்தில் நடைமுறையில் இருந்திருந்தால் போதும். கோரிக்கை பல ஆண்டுகள் கழித்து வரலாம். "கோரிக்கை" அடிப்படையிலானதோ, கோரிக்கை எழும் நாளில் நடைமுறையில் இருக்கவேண்டும். அதில் குறிக்கப்பட்ட முன்தேதிக்கு முற்பட்ட பணிகளை அது ஏற்பதில்லை. சுவருக்குள் வளரும் பூஞ்சையும் நிலத்தடி நீரில் பரவும் எண்ணெயும் மெதுவாகவே வெளிப்படுவதால் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. பிரீமியம் குறைவு என்பதற்காகக் கோரிக்கை அடிப்படையிலானதை எடுத்து, தொழிலை விட்டபின் புதுப்பிக்கத் தவறுபவர், நீட்டிப்புக் காலம் வாங்காவிடில், பழைய பணிகளுக்குக் காப்பின்றி நிற்பார்.

அடுத்து, பூஞ்சை, ஈயம், கல்நார் ஆகியன தனியே விலக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். பழைய கட்டடங்களை இடிப்பவருக்கு இவற்றை விலக்கிய பத்திரத்தால் பயன் சிறிதே. கழிவை ஏற்றிச் செல்லும் வழியும் அது கொட்டப்படும் பிறரது நிலமும் அடங்குகின்றனவா, துணை ஒப்பந்தக்காரரின் பிழைக்கும் காப்பு உண்டா, வழக்குச் செலவு உச்சவரம்புத் தொகையிலிருந்து கழிக்கப்படுமா என்பனவும் அவ்வாறே. ஒரு பணித்தளத்துக்கென மட்டும் பத்திரம் எடுக்கலாம்; ஆண்டின் எல்லாப் பணிகளுக்கும் சேர்த்தும் எடுக்கலாம். பல பணிகளுக்குப் பொதுவான உச்சவரம்பு, ஒரே விபத்தில் தீர்ந்துவிடக்கூடும்.

ஒப்பந்தக்காரரின் சொந்தக் கிடங்கிலுள்ள டீசல் தொட்டியின் கசிவை இக்காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு இடம்சார்ந்த மாசுக் காப்பீடு வேறாக உண்டு. வடிவமைப்புப் பிழைக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு தேவை.

பணி தருவோர் பலர் தம்மையும் கூடுதல் காப்பீட்டாளராகச் சேர்க்குமாறு ஒப்பந்தத்தில் கேட்கின்றனர். முகவர் வழங்கும் சான்றிதழ் அதற்குப் போதாது. அது காப்பீடு இருப்பதைத் தெரிவிக்கும் தாள் மட்டுமே. பணி தருவோருக்கு உரிமை அளிப்பது பத்திரத்தோடு சேர்க்கப்படும் இணைப்பாகும்.