மணி தவறாத வலி

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர் என்று வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். ஏரிக்கரையிலிருந்து துணி போயிற்று. நம் மக்களும் அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டனர். துணிக்கும் ஆளுக்கும் கணக்கெழுதிய அந்நாட்டில், 1641இல் வேறொரு கணக்கும் எழுதப்பட்டது.

ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் நிக்கோலஸ் டுல்ப் (பிணத்தை அறுத்து விளக்கும் கோலத்தில் 1632இல் ரெம்பிராண்ட் தீட்டினாரே, அவரேதான்!) தம் நூலில் ஒரு நோயாளியைப் பற்றிக் குறித்தார். கோடைத் தொடக்கத்தில், நாள்தோறும் குறித்த வேளையில் வரும் தலைவலி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது அரிது, காய்ச்சலில்லை, நாடியில் குறையில்லை, வலியோ தாங்கவொண்ணாதது. இன்று கொத்துத் தலைவலி எனப்படும் நோயின் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று இது என்பர் ஆய்வாளர்.

நள்ளிரவில் மணி தவறாமல் எழுப்பி, ஒரு கண்ணை மட்டும் சிவக்கவைத்து, நீர் வடித்து, படுக்கவிடாமல் அலைக்கழிக்கும் வலிக்கு நம் குப்பங்களில் என்ன பெயர்? பேய்! வேப்பிலை அடிக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்குள் வலி தானே தணிகிறது, புகழ் மந்திரவாதிக்கு!

மணி தவறாமைக்குக் காரணம் பேயன்று. உடலின் கடிகாரம் அமைந்த ஹைப்போதலாமசுக்கு இதில் பங்குண்டு. முகத்தின் உணர்ச்சி நரம்பு வலியை மூளைத்தண்டுக்குச் சொல்ல, அங்கிருந்து அனிச்சையாய்க் கட்டளை திரும்பி, கண்ணீரும் மூக்குநீரும் பெருகுகின்றன. தூசி விழுந்த கண் கலங்குவதும் இவ்வினமே.

இதற்கு மருந்து, 1774இல் பிரீஸ்ட்லி பிரித்தெடுத்த உயிர்வளி! ஆக்சிஜன் என்றால் எவர்க்கும் விளங்கும். அமெரிக்காவில் ஹார்ட்டன் 1950களில் இதை முகரக் கொடுத்தார். 1981இல் குட்ரோ 52 பேருக்கு, நிமிடத்துக்கு 7 லிட்டர் வீதம் 15 நிமிடம் கொடுத்தார். நால்வரில் மூவர் பயன் பெற்றனர்.

தோழர் ஒருவர் கேட்கலாம்: வேப்பிலைக்கும் தானே தணிந்த வலி, முகமூடிக்கும் தானே தணிந்திருக்கக் கூடாதா? கேட்கத்தான் வேண்டும்! 2009இல் வெளியான ஆங்கிலேயர் ஆய்வு அதையே சோதித்தது. உயிர்வளி ஒரு முறை, வெறுங்காற்று ஒரு முறை. எது எதுவென நோயாளி அறியார். 15 நிமிடத்தில் வலி நீங்கியது அல்லது நன்கு தணிந்தது, உயிர்வளியில் நூற்றுக்கு 78 முறை. வெறுங்காற்றில் 20 முறை. எந்த மந்திரவாதி இச்சோதனைக்கு உடன்படுவான்? உயிர்வளி அந்த அனிச்சைப் பாதையையே அடக்குகிறது என்று எலிகளில் செய்த ஆய்வும் அவ்வாண்டே காட்டியது.

வேப்பிலைக்காரன் தெருக்கோடியில் இருக்கிறான். சிலிண்டர் எத்தனை கல் தொலைவில் இருக்கிறது, இரவில் அதைத் திறந்து தருபவர் யார் என்று ஏரிக்கரை இளைஞர்கள் இன்றே விசாரித்து வைக்கட்டும். மருத்துவர் சீட்டு வேண்டும். அருகில் பீடி நெருப்பு ஆகாது.