தொம்மலூர்: கடைவீதிகளுக்கு முந்திய பட்டணம்

பெங்களூருக்கு முதன்முறை வருவோருக்குப் பரிந்துரைக்கப்படும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றே: கமர்சியல் தெரு, சிவாஜிநகர் ரசல் மார்க்கெட், கே.ஆர். மார்க்கெட், இந்திராநகர் நூறடிச் சாலை. தொம்மலூர் இப்பட்டியலில் இடம்பெறுவது அரிது. பலருக்கு அது ஒரு மேம்பாலத்தின் பெயர் மட்டுமே. ஆனால் கே.ஆர். மார்க்கெட் 1920களிலும் ரசல் மார்க்கெட் 1927ஆம் ஆண்டிலும் உருவானவை. அவற்றுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே தொம்மலூர் வணிகப் பட்டணமாக இருந்தது.

இதற்குச் சான்று அவ்வூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள். பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் இவை இடம்பெற்றுள்ளன. போசள மன்னன் வீரராமநாதன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், இவ்வூருக்குத் 'தேசிமாணிக்கப் பட்டணம்' என்ற மறுபெயர் இருந்தது. 'தேசி' என்பது நாடுவிட்டு நாடு சென்று வணிகம் செய்த குழுக்களைச் சுட்டும் சொல். 'பட்டணம்' வணிகர் ஊர். திரிபுராந்தகன் என்னும் செட்டியாரும் அவர் மனைவியும் கோயிலுக்கு நிலம் வழங்கிய செய்தியும் கல்லில் உண்டு. சொக்கநாதர் என்றதும் மதுரைச் சிவபெருமானை நினைப்போர் உள்ளே சென்றால் வியப்படைவர். இங்குள்ள மூலவர் திருமால்; கல்வெட்டு அவரைச் 'சொக்கப்பெருமாள்' என்கிறது.

கல்வெட்டில் வரும் விண்ணமங்கலத்தை இந்திராநகரில் இன்றும் வழங்கும் பின்னமங்கலாவாகக் கொள்வது பொருந்தும். தமிழ்ச் சொல்முதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமாதல் இயல்பு: வில் 'பில்லு' ஆகும், வேர் 'பேரு' ஆகும். நூறடிச் சாலையில் நடப்பவர் அப்பழைய பட்டணத்தின் சுற்றுப்புறத்திலேதான் நடக்கிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பெங்களூர்த் தமிழர் வரலாறு 1809இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதியுடன்தான் தொடங்குகிறது என்பார் ஒரு சாரார். தொம்மலூர்க் கற்களைக் காட்டி நகரமே தமிழருடையது என்பார் மறு சாரார். இரண்டு கூற்றுக்கும் இக்கோயில் இடந்தரவில்லை. 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துகள் முதற்கூற்றை மறுக்கின்றன. அதே கோயிலிலுள்ள விசயநகரக் காலக் கன்னடக் கல்வெட்டு இரண்டாவதை மறுக்கிறது. செட்டியாரின் வழியினரே அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழ்கின்றனர் என்று கொள்ளவும் ஆதாரமில்லை. படையுடனும் பணிதேடியும் வந்த பிற்காலக் குடியேற்றம் தனி அடுக்கு. கல்வெட்டு ஒரு கொடையின் பதிவு; ஊரின் உரிமைப் பத்திரம் அன்று.

ஆகவே செல்வோருக்குச் சில வெளிப்படையான குறிப்புகள். கே.ஆர். மார்க்கெட்டின் பூக்கடைகளை விடியற்காலையில் பார்த்துவிடுவது நல்லது. பிறகு நெரிசலில் நிற்கவும் இடமிராது. கமர்சியல் தெருவில் நடைபாதைக் கடைகளில் மட்டும் பேரம் பேசலாம். நூறடிச் சாலையில் பணம் கரையும், பழமை தென்படாது. தொம்மலூர்க் கோயிலுக்குக் காலையிலேயே செல்ல வேண்டும்: நண்பகலில் நடை சாத்திவிடுவர், சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்துகளும் புலப்படும். அது வழிபாட்டில் உள்ள கோயில் என்பதால், படமெடுக்குமுன் அர்ச்சகரிடம் கேட்பது முறை. எழுத்தின்மேல் சுண்ணமோ மாவோ தடவிப் படிக்க முயல்வது கூடாது. எஞ்சியிருப்பது அந்த எழுத்து மட்டுமே.