பெயர் சொல்லாமல் கேட்ட வாக்கு

அமெரிக்க அதிபர் தேர்தல் வரலாறு: 1976 பிரைமரிகள்

நிறத்தைச் சொல்லாமலே நிறத்தின் பேரால் வாக்குக் கேட்கும் வழக்கம் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தேவைப்படவில்லை. அங்கே மேடையேறி வெளிப்படையாகவே கேட்டார்கள், வென்றார்கள். மறைத்துக் கேட்க வேண்டிய நெருக்கடி தெற்கத்தி அரசியல்வாதி ஒருவர் வடக்கே வாக்குக் கேட்கப் போனபோதுதான் வந்தது. 1964 ஏப்ரல், மே மாதங்களில் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் விஸ்கான்சின், இண்டியானா, மேரிலாந்து ஆகிய மூன்று மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி பிரைமரிகளில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல்களில், இறங்கினார். 1976-இல் ரொனால்ட் ரீகனும் ஜிம்மி கார்ட்டரும் பேசிய பேச்சுகளைச் சுற்றி எழுந்த சர்ச்சைகள் அந்த இரண்டு மாதங்களில் தொடங்கியவை. ஆகவே 1976-இன் கதையை வாலஸிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாலஸ் பிறவியிலேயே நிறவெறியர் என்று நினைப்பவர்கள் அவருடைய முதல் நாற்பது ஆண்டுகளைப் படித்தால் திகைத்துப்போவார்கள். 1919-இல் அலபாமாவின் கிளையோ என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளி நாள்களில் மாநில அளவில் வென்ற குத்துச்சண்டை வீரர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு எதிராகப் பறந்த பி-29 குண்டுவீச்சு விமானத்தில் பொறியாளர். ஊர் திரும்பியதும் 'பிக் ஜிம்' ஃபோல்சமின் ஆதரவாளராக அரசியலில் நுழைந்தார். ஃபோல்சம் அந்தக் காலத்து அலபாமாவில் கறுப்பர்களிடம் பரிவு காட்டிய அபூர்வமான ஆளுநர். கறுப்பர் கல்வி நிறுவனமான டஸ்கீகியின் அறங்காவலர்களில் ஒருவராக வாலஸை நியமித்தவரும் அவரே. 1948 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் சிவில் உரிமைத் தீர்மானத்தை எதிர்த்துத் தெற்கத்தியப் பிரதிநிதிகள் பலர் வெளிநடப்புச் செய்தபோது வாலஸ் உள்ளேயே அமர்ந்திருந்தார். பின்னர் நீதிபதியானார். தன்னை 'மிஸ்டர்' என்று மரியாதையாக அழைத்த முதல் வெள்ளை நீதிபதி அவர்தான் என்று ஜே.எல். செஸ்ட்நட் என்ற கறுப்பு வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

1958 ஆளுநர் பதவிக்கான பிரைமரி இந்த மனிதரை மாற்றியது. எதிர்த்து நின்ற ஜான் பேட்டர்சனுக்குக் கூ கிளக்ஸ் கிளானின் ஆதரவு. வாலஸுக்குக் கறுப்பர் முன்னேற்றச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஆதரவு. வாலஸ் தோற்றார். நிறவெறியைப் பேசுவதில் இனி எவரும் தன்னை மிஞ்ச விடப்போவதில்லை என்று தோற்ற அன்று அவர் கொச்சையான சொற்களில் சபதம் செய்ததாக உடனிருந்தவர்கள் பின்னாளில் கூறினார்கள். அவர் அதை மறுத்தார். சொன்னாரோ இல்லையோ, செய்து காட்டினார். 1962-இல் வென்று, 1963 ஜனவரி 14 அன்று பதவியேற்றபோது, நிறப் பிரிவினை இன்றும் நாளையும் என்றும் நீடிக்கும் என்று முழங்கினார். அந்த உரையை எழுதிக்கொடுத்த ஏசா கார்ட்டர் கிளான்காரர். அதே ஆள் பின்னர் ஊரும் பெயரும் மாற்றிக்கொண்டு, செரோக்கி பழங்குடிச் சிறுவனாகத் தான் வளர்ந்த கதை என்று ஒரு நூலை 1976-இல் வெளியிட்டு வாசகர்களின் கண்ணீரைச் சம்பாதித்தார். வெறுப்பு எந்த வேடமும் போடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று அந்தக் காலத்தில் இல்லை.

1963 ஜூன் 11 அன்று டஸ்கலூசாவில், விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்ற இரு கறுப்பு மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதைத் தடுக்க வாலஸ் வாசலில் நின்றது உலகம் அறிந்த காட்சி. அன்று அவர் வாசித்த அறிக்கையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் மூச்சுக்கு மூச்சு நிறப் பிரிவினை பேசியவர், தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால் மாநில உரிமை, அரசியல் சட்டம், மத்திய அரசின் அத்துமீறல் என்று வழக்கறிஞர் பாணியில் பேசினார். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வடக்கே எந்த மொழியில் பேச வேண்டும் என்பதற்கு அது ஒத்திகை.

அரங்கேற்றம் விஸ்கான்சினின் மில்வாக்கியில். 1964 ஏப்ரல் 1, நகரின் தென்பகுதியில் உள்ள செர்பிய நினைவு மண்டபம். போலந்து, செர்பிய வம்சாவளித் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி அது. தொழிற்சங்க உறுப்பினர்கள், கத்தோலிக்கர்கள், 1960-இல் கென்னடிக்கு வாக்களித்தவர்கள். அலபாமா ஆளுநருக்கும் இவர்களுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. ஆனால் மண்டபம் நிரம்பி வழிந்தது. தெற்கின் பழைய போர்ப் பாட்டைக் கூட்டத்தினர் போலிஷ் மொழியில் பாடினார்கள். வாலஸை அறிமுகம் செய்த உள்ளூர்க்காரர், அரங்கில் இருந்த சில கறுப்பர்களைப் பார்த்து அப்பட்டமான வசைகளைக் கொட்டினார். பின்னர் எழுந்த வாலஸ் ஒரு வசையும் சொல்லவில்லை. அப்போது செனட்டில் இருந்த சிவில் உரிமை மசோதாவைப் பற்றிப் பேசினார். உங்கள் வீட்டை யாருக்கு விற்பது, உங்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது, சங்கத்தில் உங்கள் பணிமூப்பு என்னாவது என்பதையெல்லாம் வாஷிங்டன் அதிகாரி தீர்மானிப்பார் என்று எச்சரித்தார்.

அந்த மசோதாவில் தனியார் வீடு விற்பனையைக் கட்டுப்படுத்தும் பிரிவு எதுவும் இல்லை. அதற்கான சட்டம் 1968-இல்தான் வந்தது. வாலஸ் சட்டம் படித்தவர், நீதிபதியாக இருந்தவர். தெரியாமல் பேசினார் என்று சொல்ல வழியில்லை. வசையை வேறொருவர் வாயில் விட்டுவிட்டு, அச்சத்தை மட்டும் தன் பேச்சில் வைத்துக்கொண்டார். பின்னாளில் வந்த தேர்தல் வியூகர்கள் அனைவரும் பயன்படுத்திய உத்தி அந்த மேடையில் நடந்த இந்த வேலைப் பங்கீடுதான்.

அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சன் பிரைமரிகளில் நேரடியாக நிற்கவில்லை. அவருக்குப் பதிலாக விஸ்கான்சினில் ஆளுநர் ஜான் ரெனால்ட்ஸ், இண்டியானாவில் ஆளுநர் மேத்யூ வெல்ஷ், மேரிலாந்தில் செனட்டர் டேனியல் புரூஸ்டர் நின்றார்கள். வாலஸ் ஒரு லட்சம் வாக்கு வாங்கினாலே பேராபத்து என்று ரெனால்ட்ஸ் சொல்லி வைத்தார். வாலஸ் வாங்கியது இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய 34 சதவீதம். இண்டியானாவில் 30. மேரிலாந்தில் 43 சதவீதத்தைத் தொட்டார். மூன்றிலும் தோல்விதான், மசோதாவும் ஜூலை 2 அன்று சட்டமாகிவிட்டது. ஆனாலும் வடக்கத்தியத் தொழிலாளர் வாக்கு கட்சிக்குக் கட்டுப்பட்டது என்ற நம்பிக்கை அந்த இரண்டு மாதங்களில் உடைந்தது.

1968-இல் வாலஸ் தனிக் கட்சி கண்டார். ஐந்து மாநிலங்கள், 46 தேர்வாளர் வாக்குகள், மொத்த வாக்கில் 13.5 சதவீதம். அவரைவிட நாசூக்காக அதே சரக்கை விற்ற ரிச்சர்ட் நிக்சன் அதிபரானார். அந்தத் தேர்தலைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது.

கவனம் பெற வேண்டியது 1972 ஃபுளோரிடா பிரைமரி. பள்ளிகளில் நிறப் பிரிவினையைப் போக்க மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வாலஸ் மீண்டும் ஜனநாயகக் கட்சிக்குள் வந்து, பேருந்தையே முன்வைத்துப் பேசினார். மார்ச் 14 அன்று ஏறக்குறைய ஒரு டஜன் வேட்பாளர்களுக்கு நடுவே 42 சதவீதம் பெற்று எல்லாக் கவுன்டிகளையும் வென்றார். அதே நாளில் பேருந்து பற்றிய கருத்துக் கணிப்பு வாக்கெடுப்பும் நடந்தது. பேருந்துக்கு எதிராக 74 சதவீதம். ஆளுநர் ரூபின் அஸ்க்யூ சாமர்த்தியமாக இன்னொரு கேள்வியையும் சேர்க்க வைத்திருந்தார்: எல்லாக் குழந்தைகளுக்கும் சமமான கல்வி வேண்டுமா? அதற்கும் ஏறக்குறைய 79 சதவீதம் ஆதரவு. சமத்துவத்தைக் கொள்கையாக ஏற்று, அது தன் தெருவுக்கு வரும்போது மறுக்கும் வாக்காளரை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வாக்கெடுப்பு வேறில்லை. இரண்டே நாளில், மார்ச் 16 அன்று, நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பேருந்து உத்தரவுகளை நிறுத்திவைக்கச் சட்டம் கோரினார். தோற்றாலும் வென்றாலும் பிறரைத் தன் பாதைக்கு இழுக்கும் வலிமை வாலஸிடம் இருந்தது.

மே 15 அன்று மேரிலாந்தின் லாரல் ஊரில் ஒரு வணிக வளாகத்தில் வாலஸ் சுடப்பட்டார். அதுவரை நடந்த பிரைமரிகளின் வாக்குகளைக் கூட்டினால் கட்சியில் அவரே முன்னிலை. மறுநாள் மேரிலாந்தையும் மிஷிகனையும் அவர் வென்றபோது இடுப்புக்குக் கீழே உணர்விழந்து மருத்துவமனையில் கிடந்தார். அங்கே அவரைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர் ஷெர்லி சிஸம்: அமெரிக்கக் காங்கிரஸின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர், அதே பிரைமரிகளில் வாலஸை எதிர்த்து நின்ற வேட்பாளர். அவருடைய ஆதரவாளர்களே கொதித்துப்போனார்கள். வாலஸ் அழுதார். பின்னர் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டுச் சிஸம் போராடியபோது, தெற்கத்திய உறுப்பினர்களின் வாக்குகளைத் திரட்ட வாலஸ் உதவினார். இந்த வரலாற்றில் வீரர் என்று ஒருவரைச் சொல்வதானால் சிஸத்தைத்தான் சொல்ல வேண்டும். நிறத்தைப் பற்றி எந்தச் சங்கேதமும் இல்லாமல் பேசிய வேட்பாளர் அவர் ஒருவரே.

1976-இல் வாலஸ் சக்கர நாற்காலியில் கடைசியாகக் களமிறங்கினார். மார்ச் 9 அன்று ஃபுளோரிடாவிலும் மார்ச் 23 அன்று வடக்கு கரோலினாவிலும் ஜார்ஜியாவின் ஜிம்மி கார்ட்டர் அவரைத் தோற்கடித்தார். ஆனால் வாலஸை வீழ்த்திய கார்ட்டரே ஏப்ரலில் சறுக்கினார். நகர்ப்புறக் குடியிருப்புகளின் 'இனத் தூய்மை'யைக் காப்பதில் தவறில்லை என்ற பொருளில் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களில் மன்னிப்புக் கேட்டார். மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தை அட்லாண்டாவில் மேடையேறி அவரைத் தாங்கிப் பிடித்தார். வாய்தவறி வந்த சொல் என்று கார்ட்டரின் ஆட்கள் சொன்னதை அப்படியே நம்புவது கடினம். வாலஸின் வாக்குகள் அப்போது சிதறிக் கிடந்தன, அவற்றை எல்லாருமே தேடிக்கொண்டிருந்தார்கள்.

குடியரசுக் கட்சியில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டை எதிர்த்த ரீகன், ஜனவரி முதலே சிகாகோப் பெண் ஒருவரின் கதையைச் சொல்லிவந்தார். 80 பெயர்கள், 30 முகவரிகள், 12 சமூகப் பாதுகாப்பு அட்டைகள், வரியில்லாத வருமானம் மட்டும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர். அப்படி ஒருவர் உண்மையில் இருந்தார். மோசடிக்காரர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் 1977-இல் அவர்மீது நீதிமன்றத்தில் நிரூபணமான உதவித்தொகை மோசடி இரண்டு பொய்ப் பெயர்களில், 23 காசோலைகளில், 8,000 டாலருக்குச் சற்று மேல். ரீகன் அவருடைய நிறத்தை ஒருபோதும் குறிப்பிட்டதில்லை. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் மட்டும் இன்னொரு கதையில், உணவுக் கூப்பன் கொடுத்து மாட்டிறைச்சித் துண்டு வாங்கும் ஆளை, தெற்கில் கறுப்பு இளைஞர்களை விலங்கோடு ஒப்பிடும் பழைய வசையால் குறிப்பிட்டார். வடக்கத்திய மேடைகளில் அதே ஆள் வெறும் 'ஓர் இளைஞன்' ஆனான்.

விவாதம் இங்கேதான் கூர்மையாகிறது. ரீகனின் தரப்பார் சொல்வது: அரசு உதவியில் மோசடி நடந்தது, வரி கட்டுபவருக்குக் கோபம் இருந்தது, அதைப் பேசினால் நிறவெறியா? நியாயமான கேள்வி. பேச்சாளரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க எவராலும் முடியாது. ஆனால் ஊருக்கு ஊர் ஆளின் அடைமொழி மாறுவதற்கு மனத்துக்குள் பார்க்கத் தேவையில்லை. ரீகனுக்காக உழைத்த வியூகர் லீ அட்வாட்டர் 1981-இல் அரசியல் அறிஞர் அலெக்சாண்டர் லாமிஸிடம் இதை ஒளிக்காமல் விளக்கினார்: 1954-இல் நேரடி வசை, 1968 வாக்கில் அது எடுபடாததால் பேருந்து, மாநில உரிமை, அதன் பிறகு வரிக்குறைப்பு போன்ற பொருளாதாரப் பேச்சு, அதில் கறுப்பர்களுக்கு வெள்ளையரைவிட அதிக அடி விழும். இனவாதம் அப்படித் தேய்ந்துகொண்டே போகிறது என்று அவர் தன் தரப்பில் வாதாடினார். தேயவில்லை, தடயம் மட்டும் அழிகிறது என்பது எதிர்த்தரப்பின் பதில். அறிஞர் டாலி மெண்டல்பர்க் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் ஒரு படி போனார்: இத்தகைய மறைமுக வேண்டுகோள், கேட்பவர் அதை நிறத்தோடு தொடர்புபடுத்தி உணராதவரைதான் பலிக்கிறது; யாராவது வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினால் வலுவிழக்கிறது. சமத்துவத்தை ஏற்றுக்கொண்ட வாக்காளர் அதற்கு மாறாக நடப்பதாகத் தன்னைக் காண விரும்புவதில்லை. ஃபுளோரிடாவின் இரண்டு வாக்கெடுப்பு எண்களும் இந்தக் கருத்தோடு பொருந்துகின்றன.

மே 1 டெக்சஸ் பிரைமரிக்கு இனி அதிக இடமில்லை. அங்கே வாக்காளர் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். வாலஸின் ஆதரவாளர் ஒருவர், தம் தலைவரால் கட்சியின் வேட்பாளராக முடியாது என்பதால் இம்முறை ரீகனுக்கு வாக்களிப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை ரீகன் தரப்பு வெளியிட்டது. அன்று போட்டிக்கிருந்த 96 பிரதிநிதிகளும் ரீகனுக்கே. மூன்று நாள் கழித்து அலபாமா, ஜார்ஜியா, இண்டியானா மூன்றும் அவர் பக்கம் சாய்ந்தன. வாலஸோ ஜூன் மாதம் கார்ட்டரை ஆதரித்து அறிக்கை விட்டார். அவருடைய வாக்காளர்களில் ஒரு பெரும்பகுதியினர் அதற்குள் கட்சி எல்லையைத் தாண்டியிருந்தார்கள். ஆகஸ்டில் கன்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்ட் 1,187, ரீகன் 1,070 என்று முடிந்த எண்ணிக்கையும், அங்கே நடந்த பேரங்களும் அடுத்த இதழில்.

(தொடரும்)