'அவர்' என்னும் சொல்

ஆணா பெண்ணா என்று காட்டாமல் ஒருவரைச் சுட்ட ஆங்கிலத்தில் புதுச்சொல் தேடியவர்கள் பலர். 1884-ல் சார்லஸ் கன்வர்ஸ் முன்வைத்த 'தொன்' 1934-ல் வெப்ஸ்டர் பேரகராதியில் ஏறியது. 1961 பதிப்பில் காணாமல் போனது. நிலைத்தது பழைய பன்மைச் சொல்லான 'தே' தான்.

நமக்கு இது புதுசா என்ன? பேடி முதலான பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளே வரும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே விதித்துவிட்டது. அஃறிணையில் தள்ளவில்லை என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். 'அவர்' என்ற பன்மையும் பின்னாளில் ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லானது. பெங்களூரில் நாம் அன்றாடம் கேட்கும் கன்னட 'அவரு'வும் அதே வழிதான்.

ஆனால் 'அவர்' மரியாதையோடு தூரத்தையும் கொண்டுவரும். உரிமையோடு பழகுகிற இடத்தில் 'அவன்', 'அவள்' இரண்டில் ஒன்று வந்தே தீருகிறது. 'அது' என்றாலோ அவமானம். 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2021-ல் கர்நாடகம் அரசு வேலையில் 1 விழுக்காடு ஒதுக்கியது. சட்டம் தந்த இடத்தை நம் வீட்டுப் பேச்சும் தர வேண்டாமா? நெருக்கமான பொதுச்சொல் ஒன்று பிறக்கும்வரை, அவரவர் தம்மை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நாமும் சொல்வதுதான் முறை.