கண்புரை–கிளாகோமா கூட்டு அறுவை: பின்விளைவுகள்

ஒரே அமர்வில் புரையை அகற்றி லென்ஸ் பொருத்துவதோடு, கண்ணின் உள்நீர் வடிய வெண்படலத்தின் கீழ் புதுவழியும் திறக்கும் சிகிச்சை இது. அந்த வழி திறக்கும் டிராபெக்குலெக்டமி முறையை 1968இல் கெய்ர்ன்ஸ் விவரித்தார்.

வேலூரில் கண் அழுத்த நோயான கிளாகோமாவுக்குத் தனிக்கதை உண்டு. 1998இல் வெளியான வேலூர் கண் ஆய்வு, 30–60 வயது நகரவாசிகளிடம் உள்நீர் வெளியேறும் கோணம் அடைபடும் மூடுகோண கிளாகோமாவை ஆயிரத்துக்கு சுமார் 43 பேரிடமும், திறந்தகோண வகையை 4 பேரிடமும் கண்டது.

கூட்டு அறுவைக்குப் பின் முதல் வாரங்களின் தொல்லை பெரும்பாலும் அழுத்தம் சார்ந்தது. நீர் அதிகம் வடிந்தால் கண் தளர்ந்து, முன்னறை சுருங்கி, பார்வை மங்கும். கசிவைக் கண்டுபிடிக்க ஃப்ளோரசீன் சாயம் இட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். மூடுகோணக் கண்களில், அரிதாக, நீர் பின்பக்கம் திரும்பி லென்ஸை முன்னே தள்ளி அழுத்தத்தை ஏற்றிவிடும். இந்நாட்களில் பளு தூக்கக் கூடாது; வேலூர் லாங் பஜாரில் மூட்டை தூக்குபவருக்குச் சில வாரம் ஓய்வு என்பது கூலி இழப்பு. ஆனாலும் மருத்துவர் விடமாட்டார்.

பிறகு வருவது தழும்பு. புரை அறுவையின் அழற்சியும் சேர்வதால் வடிகால் அடைபட்டு அழுத்தம் மீண்டும் ஏறலாம். இந்தத் தழும்பைத் தடுக்கவே மைட்டோமைசின் என்ற மருந்து பயன்படுகிறது. ஆனால் அது மேற்படலத்தை மெலிதாக்குவதால், ஆண்டுகள் கழித்தும் கிருமி புகக்கூடும். சிவப்பு, வலி, பீளை, திடீர் மங்கல் தெரிந்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.