வரேந்திர பூமியின் மருந்துப் பயிர்

வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதுவோர், ஒரு மூலிகையை எந்த வைத்தியர் முதலில் பரீட்சித்தார், எந்த இரசாயன நிபுணர் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார், எந்தச் சர்க்கார் அதற்கு வரி விதித்தது என்பனவற்றையெல்லாம் மிகுந்த சிரத்தையோடு குறித்து வைக்கிறார்கள். அம்மூலிகையை மழைக்கும் வெயிலுக்கும் பனிக்கும் நடுவே வளர்த்து, அதற்கு மருந்துக் குணம் ஏறும்படி பக்குவப்படுத்திய குடியானவனுக்கு அந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கமேனும் கிடைப்பது அரிது. வடவங்காளத்து ராஜஷாஹி ஜில்லாவில், நவ்காவ் என்னும் ஊரைச் சுற்றி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் சர்க்காரின் அனுமதியோடு நடந்து வந்த கஞ்சாச் சாகுபடியின் கதை இக்குறையைத் தெளிவாக எடுத்துக் காட்டுவது. கல்கத்தாவின் வைத்தியக் கல்லூரியும், லண்டன் மாநகரின் மருந்துக் கடையும், சர்க்கார் அமைத்த விசாரணைக் கமிஷனும் அக்கதையில் இடம் பெறுகின்றன. எனினும் அதன் அச்சாணி, ஆவணியில் விதைத்து மாசியில் அறுத்த வங்காள உழவனின் பருவ ஞானமே என்பது என் உறுதியான கருத்து.

கங்கைக்கும் பிரம்மபுத்திரைக்கும் இடைப்பட்ட நாட்டில், சுற்றியுள்ள வெள்ளச் சமவெளியைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும் பழைய வண்டல் மேட்டுக்கு வரேந்திரம் என்று பெயர். அம்மேட்டின் ஓரத்திலே, சிறிய யமுனை என்று வழங்கும் ஆற்றின் கரையில் நவ்காவ் அமைந்திருக்கிறது. இன்று அது வங்காள தேசத்தின் ஒரு ஜில்லாத் தலைநகரம். ராஜஷாஹி, போக்ரா, தினாஜ்பூர் என்னும் மூன்று ஜில்லாக்களின் எல்லைகள் கூடும் அவ்விடத்தில், சுமார் 16 மைல் ஆரமுள்ள ஒரு வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘கஞ்சா மகால்’ என்றே பிரசித்தி பெற்றிருந்தது. அந்த வட்டாரத்திலும் எல்லா நிலமும் இப்பயிருக்கு ஏற்றதாகவில்லை. இளகிய மணல் கலந்த வண்டலாகவும், மழைநீர் ஒரு நாளும் தேங்கி நில்லாத மேட்டுப் பாங்காகவும், மரத்தின் நிழல் படாமல் உதயம் முதல் அஸ்தமனம் வரை வெயில் விழும் வெளியாகவும் உள்ள நிலத்தையே குடியானவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இத்தகைய நிலம் அங்கே கிடைத்தது. அதனினும் முக்கியமாக, இத்தகைய நிலத்தின்மேல் ஆண்டுதோறும் ஒரே வரிசையில் வந்து போகும் பருவங்களும் அங்கே கிடைத்தன.

கஞ்சாச் செடி, பகல் நீண்டிருக்கும் காலத்தில் தண்டும் இலையுமாக வளர்ந்து, இரவு நீளத் தொடங்கியதும் பூக்கும் இயல்புடையது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிச் செடிகளில் தோன்றும். பெண் செடியின் பூங்கதிர்களில் சுரக்கும் பிசினிலேதான் அதன் மருந்துச் சத்தில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மகரந்தம் பட்டுக் கருக்கொண்ட கதிரோ, தன் பலத்தை விதை முற்றுவதிலே செலவிட்டுப் பிசின் சுரப்பதில் குன்றிவிடும். ஆகவே, வீரியமுள்ள சரக்கை நாடும் உழவனுக்கு இரண்டு காரியங்கள் இன்றியமையாதனவாகின்றன. பெண் செடிகள் பூக்கும் வாரங்கள், மழை ஓய்ந்து வானம் தெளிந்து காற்றில் ஈரம் குறைந்த காலத்திலே வந்து பொருந்த வேண்டும். அந்த வாரங்களில் தன் வயலிலோ அண்டை வயலிலோ ஆண் செடி ஒன்றும் மிஞ்சியிருத்தல் கூடாது. முன்னதைக் காலக் கணக்கும், பின்னதைப் பழகிய கண்ணும் சாதித்தன.

மாசி, பங்குனியில் முந்திய வெள்ளாமையை எடுத்தவுடனேயே அடுத்த ஆண்டுக்கான உழைப்பு தொடங்கிவிடும். நிலத்தைப் பலமுறை உழுது, சுற்றிலும் உள்ள பள்ளங்களிலிருந்து புதுமண் வெட்டிப் போட்டு, சாணமும் எருவும் இட்டு, கோடை முழுவதும் அதை வெயிலில் காயவிட்டுப் பண்படுத்துவார்கள். நெல்லுக்கு நாற்றங்கால் விடுவதுபோல இதற்கும் தனியே ஒரு மேட்டு நிலத்தில் நாற்றங்கால் உண்டு. மழைக்காலம் நடுவிலிருக்கும் ஆகஸ்டு மாதத்தில், மேகமூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்து அதில் விதை தெளிப்பார்கள். மண் நசநசத்திருந்தாலும் வானம் இருண்டிருந்தாலும் விதைப்பை ஒத்திவைப்பது அவர்களுடைய நியமம். ஏனென்றால் இளநாற்றுக்கு ஈரத்தைப்போலப் பகை வேறில்லை. செப்டம்பரில், ஒரு சாண் அளவுக்கு வளர்ந்த நாற்றுகளைப் பறித்து, வயலில் உயர்த்திக் கட்டிய வரப்பு வரப்பான பாத்திகளின்மேல் நடுவார்கள். பின்மழை எவ்வளவு கொட்டினாலும் இரு பாத்திகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தின் வழியே நீர் வடிந்துவிட, வேர் அழுகாமல் செடி பிழைக்கும். ஐப்பசியில் வங்கக் கடலிலே மூளும் புயலால் பெருமழை வந்துவிட்டால் இந்த ஏற்பாடும் பயன்படாமல் போவதுண்டு. அப்பொழுது பாத்தியைக் கலைத்து மீண்டும் கட்டுவதும், பட்ட இடத்தில் புது நாற்று நடுவதும் தவிர வழியில்லை.

விதைப்பைப் பருவ மழைக்கு முன்னால் வைத்துக்கொள்ளாமல் அதன் பிற்பகுதிக்குத் தள்ளி வைத்ததிலே ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. சித்திரையில் விதைத்திருந்தால் செடி மாமழையின் முழு வேகத்தையும் தாங்கி, ஆளுயரத்துக்கு மேல் தழைத்து, பருத்த தண்டாகவும் இலையாகவும் தன் பலத்தைச் செலவழித்திருக்கும். ஆவணி நாற்றுக்கோ, வேர் ஊன்றிக் கிளை விடும் அளவுக்கே நீண்ட பகல் மீதியிருந்தது. மழை விடைபெறும் அக்டோபரில் அது நிலைகொண்டு, இரவு நீண்டு குளிர் பரவும் நவம்பரில் பூக்கத் தொடங்கியது. வானிலை சாஸ்திரமும் தாவர சாஸ்திரமும் பிற்காலத்தில் விளக்கிய ஒரு சம்பந்தத்தை, தலைமுறை தலைமுறையாக வயலிலே பார்த்துத் தெரிந்துகொண்ட மக்கள், அதன்படியே தங்கள் பஞ்சாங்கத்தை அமைத்திருந்தார்கள்.

நவம்பரில் அடிக் கிளைகளைக் கழித்து, பாத்திகளுக்குப் பிண்ணாக்கும் சாணமும் இட்டுத் திருத்திய பின்னர், இத்தொழிலின் மிக நுட்பமான கட்டம் வரும். ‘போத்தார்’ என்று அழைக்கப்பட்ட ஒரு நிபுணனைக் குடியானவன் கூலி கொடுத்து வரவழைப்பான். போத்தார் வரிசை வரிசையாக வயலில் நடந்து, பூ மலர்வதற்கு முன்பே, மொட்டின் சாயலைக் கொண்டே ஆண் செடி எது பெண் செடி எது என்று நிர்ணயித்து, ஆண் செடிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே செல்வான். ஒரே முறையில் எல்லாம் புலப்பட்டுவிடா. ஆகையால் சில நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அவன் வர வேண்டியிருந்தது. அவனுடைய கண்ணுக்குத் தப்பி நின்ற ஒரு செடியின் மகரந்தம் காற்றிலேறிப் பல வயல்களின் சரக்கைக் கெடுக்கக்கூடும் என்பதால், ஒருவனுடைய அஜாக்கிரதை ஊருக்கே நஷ்டமாகும் நிலைமை இருந்தது. சர்க்காரின் அறிக்கைகளில் இந்தப் போத்தாரைக் ‘கஞ்சா டாக்டர்’ என்றே வர்ணித்திருக்கிறார்கள். அவ்வளவு மதிப்புக்கு உரியவனாயிருந்தும், போத்தார் எவனுடைய பெயரும் வைத்திய சரித்திரத்தில் பதிவாகவில்லை.

மார்கழியிலும் தையிலும் வானம் தெளிந்திருக்க வேண்டும் என்பதே அனைவருடைய பிரார்த்தனையுமாக இருந்தது. மண் அதிகமாகக் காய்ந்தால் ஒருமுறை, இருமுறை நீர் பாய்ச்சுவார்கள். மூடுபனி நாள் கணக்கில் விலகாமல் நின்றாலோ, வடமேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை எதிர்பாராமல் பெய்தாலோ, அடர்ந்த கதிர்களில் பூஞ்சை பிடித்து ஆண்டின் உழைப்பே பாழாகும். கதிர்கள் பழுப்பேறிப் பிசினால் கனத்ததும், தை பிற்பகுதி முதல் அறுவடை நடக்கும். அறுத்த செடிகளைச் சத்தர் என்னும் களத்துக்குக் கொண்டுவந்து, இரவுப் பனியில் கிடத்தி, மறுநாள் வெயிலில் வாட்டி, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்துக் கதிரைத் தட்டையாக்குவார்கள். மற்றொரு வகைக்கு, குறுக்கே கட்டிய மூங்கிலைக் கையால் பற்றிக்கொண்டு, கதிர்களைப் பாதத்தின் அடியில் உருட்டி உருட்டித் திரட்டுவார்கள். இங்கும் வெயிலே எஜமானன். மேகம் மூடிய நாளில் களத்து வேலை நின்றுவிடும்.

இவ்வாறு விளைந்த சரக்கு ஆங்கில வைத்தியத்துக்குள் புகுந்தது வில்லியம் ப்ரூக் ஓஷானஸியின் முயற்சியால். அயர்லாந்தில் பிறந்து, 1833-ல் கல்கத்தாவுக்கு வந்து, 1835-ல் தொடங்கிய வைத்தியக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியரான அவர், இந்நாட்டு வைத்தியர்களையும் பண்டிதர்களையும் அணுகி இம்மூலிகையைப் பற்றிக் கேட்டறிந்தார். மதுசூதன குப்தரும் கமலாகாந்த வித்யாலங்காரரும் அவருக்கு உதவியவர்கள். முதலில் பிராணிகளிடம் பரீட்சித்து, பிறகு வாதம், வாந்திபேதி, தனுர்வாதம், நாய்க்கடி விஷம், குழந்தைகளின் இழுப்பு ஆகிய நோய்களில் பிரயோகித்து, தாம் கண்டதை 1839-ல் வெளியிட்டார். பிறந்து நாற்பது நாளே ஆன குழந்தையொன்று இடைவிடாத இழுப்பிலிருந்து இதனால் மீண்ட விருத்தாந்தம் அதில் இருக்கிறது. நாய்க்கடி விஷம் ஏறியவரைப் பிழைப்பிக்க முடியாவிட்டாலும் அவருடைய வேதனை தணிந்ததையும் அவர் அவ்வாறே நேர்மையாக எழுதினார். பின்னர் அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற சரக்கிலிருந்து, லண்டன் ஆக்ஸ்போர்டுத் தெருவில் மருந்துக் கடை நடத்திய பீட்டர் ஸ்கொயர் சாராயத்தில் சத்து இறக்கினார். 1864-ல் வெளியான முதல் பிரிட்டிஷ் மருந்து நூலில் இம்மருந்துக்கு இடம் கிடைத்தது. விக்டோரியா மகாராணியின் வைத்தியர்களுள் ஒருவரான ரஸ்ஸல் ரெய்னால்ட்ஸ், முப்பதாண்டு அனுபவத்தின்மேல் 1890-ல் அதைப் புகழ்ந்து எழுதினார்.

ஆயினும் அம்மருந்தைக் குறித்து ஒரு புகார் ஓயவே இல்லை: ஒரு புட்டியில் உள்ளது நோயாளியைத் தூங்கச் செய்யும், மற்றொரு புட்டியில் உள்ளது எந்தப் பலனும் தராது, மூன்றாவது அவரைத் திடுக்கிடச் செய்யும். கல்கத்தா தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய டேவிட் ப்ரெய்ன், 1893-ல் கஞ்சாச் சாகுபடியைப் பற்றி எழுதிய அறிக்கையில் வயலையும் களத்தையும் கிடங்கையும் ஆராய்ந்தார். சரக்கு நாட்பட நாட்பட வீரியம் இழக்கிறது என்பதும் அவர் கவனித்த விஷயங்களுள் ஒன்று. எந்தப் பருவத்தில் விளைந்தது, ஆண் செடி நீக்கப்பட்டதா, எத்தனை மாதம் கிடங்கிலும் கப்பலிலும் கிடந்தது என்பதை அறியாமலே ஐரோப்பாவின் மருந்துக் கடைகள் சத்தை இறக்கின. பிசின் நீரில் கரையாததால் ஊசி மூலம் செலுத்தும் புதிய முறைக்கும் அது உதவவில்லை. 1932-ல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து அது விலக்கப்பட்டது. வயலைப் பற்றிய அறிவு மருந்தைப் பின்தொடர்ந்து கடல் கடந்திருந்தால், அந்தப் புகாரில் பெரும்பகுதி எழுந்திராது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சர்க்காரின் பார்வை வேறு விதமானது. சாகுபடிக்கு லைசென்ஸ், விளைந்ததை நிறுத்து நவ்காவ்க் கிடங்கில் சேர்க்கும் கட்டாயம், வெளியே செல்லும்போது வரி என்று படிப்படியாகக் கட்டுப்பாடு இறுகியது. 1877-ல் டெபுடி கலெக்டர் ஹேமசந்திர கேர் விரிவான அறிக்கையொன்றை எழுதினார். 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் எழுந்த கேள்வியை முன்னிட்டு, மாக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட கமிஷன் நியமிக்கப்பட்டது. மூன்று இந்திய அங்கத்தினருள் ஒருவர், ராஜஷாஹி ஜில்லாவையே சேர்ந்த தாஹிர்பூர் ராஜா சசிசேகரேஸ்வர ராய். 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லை என்றும், அடியோடு தடுப்பது உசிதமன்று என்றும் 1894-ல் கமிஷன் தீர்மானித்தது. சென்னை மாகாணத்தில் பிற்காலத்தில் ஜவ்வாது மலை போன்ற குறித்த சில இடங்களுக்குள் சாகுபடியை ஒடுக்கி மேற்பார்வையிட்டதும் நவ்காவின் முறையைப் போன்றதே.

1917-ல் நவ்காவ்க் குடியானவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வியாபாரியின் பிடியிலிருந்து விலையைத் தங்கள் கைக்கு மாற்றிய அச்சங்கம், லாபத்திலிருந்து பள்ளிக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் பாதைகளையும் அமைத்தது. 1925-ல் ஜினீவா ஒப்பந்தம் இச்சரக்கைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. 1947-ல் பிரிவினையால் நவ்காவ் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1961-ல் ஏற்பட்ட உலக உடன்படிக்கை அந்தச் சர்வதேசக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. 1980-களில் வங்காள தேசத்து அரசு சாகுபடியையே நிறுத்திவிட்டது. அந்நிலங்களில் இன்று வேறு பயிர்கள் விளைகின்றன. போத்தார் தன் மகனுக்குக் கற்பித்து வந்த வித்தை ஒரே தலைமுறையில் கைவிடப்பட்டது.

1964-ல் இஸ்ரேல் நாட்டில் மெக்கூலமும் கவோனியும் இச்செடியின் முக்கியச் சத்தின் அமைப்பைத் தெளிவாக்கிய பின்னர், வைத்திய உலகம் மீண்டும் இதனிடம் திரும்பியிருக்கிறது. இந்தியாவிலும் ஜம்முவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் லைசென்ஸ் பெற்று இதை மருந்துக்காக வளர்த்து வருகிறது. கண்ணாடிக் கூடங்களில் விளக்குகளை அணைத்து இரவை நீட்டுவதும், ஆண் செடியைக் கண்டவுடன் களைவதும், காற்றின் ஈரத்தை இயந்திரத்தால் குறைப்பதும் இன்றைய விஞ்ஞான முறைகளாகப் போற்றப்படுகின்றன. வரேந்திரத்து உழவன் இவை மூன்றையும் மின்சாரமின்றி, விதைக்கும் நாளை நிர்ணயித்ததாலும், நிலத்தைத் தேர்ந்ததாலும், போத்தாரின் கண்ணாலும் சாதித்தான். திறந்த வெளியில் இப்பயிரை மருந்துக்காக மறுபடி வளர்க்க நினைக்கும் எந்த நாடும், தன் மழையும் பனியும் எந்த மாதத்தில் வருகின்றன என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். அக்கேள்விக்கு விடை கண்டவர்களை மருந்தின் சரித்திரத்தில் வைத்தியருக்கும் இரசாயன நிபுணருக்கும் சமமான ஸ்தானத்தில் வைப்பதே நியாயம்.